பூட்டிக்கொண்ட ஸ்டியரிங்

சாவி சூடாக இருந்தது.

யாகப்பன் விரலை எடுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தான். ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கதவுப் பிடி, ஸ்டியரிங் வளையம், ஈரம் உலராத சீட்டு எல்லாம் தவளை வயிறு மாதிரி சில்லிட்டுக் கிடந்தன. சாவி மட்டும், யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் விட்டுவிட்டுப் போனதைப்போல வெதுவெதுப்பாக இருந்தது.

"வருதாண்ணே?" கொட்டகை வாசலில் நின்றபடி அம்சவல்லி கேட்டாள்.

"இப்பத்தான தங்கச்சி உக்காந்தேன். பாக்கலாம்."

அவள் புருஷன் பாண்டுரங்கன் இந்தக் காரை டாக்சியாக ஓட்டியவன். வல்லத்திலிருந்து படப்பைக்கும் தாம்பரத்துக்கும் கல்யாணக்காரர்களையும் பிரசவக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு போவான். பதினாறு நாளைக்கு முன்னால், பட்டப்பகலில், சவாரி இல்லாமல் தனியாகத் திரும்பும்போது, ஒரகடம் ஏரிக்கரை வளைவில் கார் திரும்பாமல் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் லாரியில் சங்கிலி கட்டிக் காரையும் உள்ளே கிடந்த அவன் உடலையும் இழுத்தார்கள். அன்றிலிருந்து அது இந்த ஓலைக் கொட்டகையில் நிற்கிறது. நாளைக்கு அம்சவல்லியின் மைத்துனன் மறைமலை நகரிலிருந்து வந்து காரைக் கட்டி இழுத்துப் போகப் போகிறான். ஆனால் ஸ்டியரிங் நேராகவே பூட்டிக்கொண்டு அசைய மறுத்தது. சாவியும் திரும்பவில்லை, வெளியே வரவும் இல்லை. அதற்காகத்தான் படப்பையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் யாகப்பனுக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

ஆள் அனுப்பாவிட்டாலும் அவன் வந்திருப்பான்.

இந்தப் பூட்டுக்குள் ஓர் இரும்பு நாக்கு உண்டு. வண்டியை நிறுத்திச் சாவியை உருவினால் அது முன்னால் வந்து ஸ்டியரிங் தண்டைக் கவ்விக்கொள்ளும். சாவி உள்ளே இருக்கும்வரை முன்னால் வராதபடி அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். ஆடி மாதம் அந்த ஸ்பிரிங் முறிந்து போனது. புதுசு தாம்பரத்தில்தான் கிடைக்கும். பாண்டுரங்கனுக்குச் சவாரி அவசரம். யாகப்பன் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திருகி, அதன் ஸ்பிரிங்கை வெட்டி உள்ளே வைத்தான். "தாங்குமா?" என்று கேட்டான் பாண்டுரங்கன். "தாராளமா," என்றான் யாகப்பன். இருவரும் டீ குடித்தார்கள்.

மைத்துனன் அந்தப் பூட்டைப் பிரிப்பதற்குள் ஸ்பிரிங்கை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாவித் துவாரத்தில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தான். ஏரிச் சேறும் பாசியும் ஊறிய நாற்றம் சீட்டுக்கடியிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து வந்தது. வெளியே மழை விட்டுவிட்டது. ஆனாலும் சொட்டுச் சத்தம் மட்டும் எங்கோ நிதானமாக, ஒன்று விழுந்து அடுத்தது விழுவதற்குள் ஒரு மூச்சு விட்டு வாங்கும் இடைவெளியில், கேட்டுக்கொண்டேயிருந்தது. குனிந்து தரையைப் பார்த்தான். காய்ந்து கிடந்தது.

சாவியைத் திருகினான். இம்மி அளவு திரும்பியது. பிறகு அதே அளவு பின்னால் வந்தது.

இன்னொரு முறை திருகினான். இன்னொரு முறை பின்னால் வந்தது.

துருப் பிடித்த பூட்டு இப்படிச் செய்யாது. இருபது வருஷத்தில் எத்தனை பூட்டைப் பார்த்திருக்கிறான். துரு முரண்டு பிடிக்கும், திருப்பித் தள்ளாது.

"தண்ணிலேர்ந்து தூக்கினப்ப அவரு கை சாவி மேலயே இருந்திச்சுண்ணே," என்றாள் அம்சவல்லி. குரல் முன்னைவிடப் பக்கத்தில் கேட்டது. "லாரிக்கார சுப்பன்தான் வெரல ஒவ்வொண்ணா பிரிச்சாரு. பிரிக்கப் பிரிக்க மூடிக்கினு இருந்திச்சாம்."

"அழுவாத தங்கச்சி."

"நான் எங்கண்ணே அழுவறேன்?"

தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். அவள் அழவில்லைதான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ பேசுவதைக் கேட்பவள் மாதிரி.

சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். ஸ்டியரிங் தண்டுக்கு அடியிலிருந்த மூடியின் திருகாணிகளைக் கழற்றினான். மூன்றாவது கைதவறி விழுந்தது. தேடவில்லை. மூடியை இழுத்துப் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த இருட்டுச் சந்துக்குள் வலது கையை விட்டான். வயர்கள். ஈரச் சேறு. பூட்டின் முதுகு. அதற்கும் மேலே, நகக்கண்ணில் குத்தியது ஸ்பிரிங்கின் நுனி.

பிடுங்கினான். வந்துவிட்டது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெருமூச்சு வந்தது. இனி நாக்கைப் பின்னால் தள்ளிவிட்டால் போதும். மறுபடி கையை விட்டான். நாக்கு அகப்பட்டது. தள்ளினான்.

டக்.

ஸ்டியரிங் இளகியது.

கையை வெளியே எடுக்கப் போனான்.

உள்ளே, வயர்களுக்கு நடுவில், நான்கு விரல்கள் அவன் விரல்களோடு கோத்துக்கொண்டன.

வழவழவென்று. ஊறிப்போய். சோப்புத் தண்ணீரில் நாளெல்லாம் கிடந்த கை மாதிரி.

யாகப்பன் இழுத்தான். அவை விடவில்லை. இறுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

"மாதாவே," என்றான். சத்தம் வரவில்லை.

பின்கதவு திறந்தது. அம்சவல்லி புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். சீட்டு முனகியது. கதவைச் சாத்தினாள்.

"தங்கச்சி... எறங்கு. எறங்கிடு."

அவள் புடவைத் தலைப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான்தான் தங்கச்சி. அந்த ஸ்பிரிங்கு... பேனா ஸ்பிரிங்க வச்சது நான்தான்."

"தெரியும்ணே," என்றாள் அவள். கோபமே இல்லாத குரல். "அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு. நீ வந்து பூட்ட எடுத்து வுடணும்னுதான் இத்தினி நாளா காத்துக்கினு இருந்தாரு."

சொட்டுச் சத்தம் நின்றது.

யாகப்பன் இடது கையால் கதவைத் தேடினான். பிடி வழுக்கியது. திறக்கவில்லை. கதவுக் கண்ணாடிகளில் உள்பக்கமாக நீர் பூத்திருந்தது. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"போலாங்க," என்றாள் அம்சவல்லி. அவனிடம் அல்ல.

சாவி திரும்பியது. தானாக. இழுத்து வந்த அன்றே பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்ட அந்தக் கார் உடம்பைக் குலுக்கிக்கொண்டு உறுமியது.

அவன் நிமிர்ந்து பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தான். அம்சவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அவன் தோளுக்குச் சற்று மேலே, அவன் முகத்தை விட உயரமான ஒரு முகத்தில் நிலைத்திருந்தது. ஸ்டியரிங் வளையத்தின் மேல், வெளுத்து, தோல் சுருங்கி, நகங்களுக்குள் கறுப்புச் சேறு அடைந்த ஒரு கை மெதுவாக வந்து உட்கார்ந்தது. நிதானமாக, தேர்ந்த டிரைவரின் கை, அன்றைக்குத் திரும்பாத வளைவை இப்போது திருப்பத் தொடங்கியது.