கோழிக்கடையில் ஒரு கல்யாண பேனர்

சிஃபாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை நாள். மற்ற பிள்ளைகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, அவள் கும்மிடிப்பூண்டி பஜாரில் வாப்பாவின் கோழிக்கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுப்புப் பைகளை ஊதி ஊதிப் பிரித்து வாப்பாவிடம் நீட்டுவாள். பை பிரிப்பதில் அவளை மிஞ்ச அந்த பஜாரில் ஆளில்லை.

வாப்பாவின் பெயர் ஹயாத் பாஷா. ஊர்க்காரர்களுக்கு வெறும் 'பாய்'. சிப்காட் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூக்கக் கண்ணோடு நேராக அவர் கடைக்குத்தான் வருவார்கள். கறியை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு மோனிகா வந்தாள். ஐந்தாம் வகுப்பில் அவளுக்கும் சிஃபாவுக்கும் ஒரே பெஞ்சு. வழக்கமாக அவள் அப்பா ஜோசப்தான் வருவார். இன்று அவருக்குக் காலை ஷிஃப்ட்.

"அங்கிள், ஒரு கிலோ. லெக் பீஸ வெட்டாம முழுசா போடச் சொன்னாங்க எங்கம்மா" என்றாள் மோனிகா. சொல்லும்போதே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"போட்டுட்டா போச்சு" என்று சொல்லிவிட்டு, பாஷா கூண்டுக்குள் கையை விட்டு ஒரு கோழியைக் காலைப் பிடித்து இழுத்தார். அது தலைகீழாகத் தொங்கிச் சிறகை அடித்துக்கொண்டது. தலையை மட்டும் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தது.

மோனிகா ஓரடி பின்னால் போனாள். பாஷா கத்தியை எடுத்தார். மோனிகா இன்னோர் அடி பின்னால் போனாள். அப்புறம் திரும்பி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டாள். அவள் கொண்டு வந்த ஒயர் கூடை மேசைமேலேயே கிடந்தது.

"இன்னாமா, உன் தோஸ்து கூடைய உட்டுட்டு ஓடிட்சு?" என்று பாஷா சிஃபாவைக் கேட்டார். சிஃபா உதட்டைப் பிதுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மோனிகாவின் அம்மா ஆரோக்கியமேரி வந்தார். "இன்னா பாய், எம் பொண்ணு பேயப் பாத்த மாரி வந்து குந்திக்கினு கீது? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே கறியையும் கூடையையும் வாங்கிப் போனார்.

மறுநாள் பள்ளியில் மோனிகா முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, பெஞ்சின் அந்தக் கோடிக்கே நகர்ந்து போய்விட்டாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் சிஃபா.

"உங்க வாப்பா கோழியக் கொல்றாரு."

சிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோழிக்கடையில வேற இன்னாடி பண்ணுவாங்க? வாய்ப்பாடு சொல்லித் தருவாங்களா?"

மோனிகா சிரிக்கவில்லை. "அது என்னைப் பாத்துச்சுடி. நான் ஒரு கிலோன்னு சொன்னதாலதான் அத எடுத்தாரு."

"போன வாரம்கூட நீ சாப்ட்டியே! லெக் பீஸ எனக்கு ஒரு வாய்கூடத் தராம சாப்ட்டியே!"

"அது கறி. கறி வேற, கோழி வேற."

சொல்லிவிட்டு மோனிகா நிறுத்தினாள். தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் முழித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்... இல்லடி?" என்றாள் மெதுவாக.

சிஃபா டப்பாவுக்குள் சோற்றைப் பிசைந்தாள்.

"உனக்கு ஒண்ணுமே தோணாதா? நீதான் வாராவாரம் பாக்கறியே" என்றாள் மோனிகா. கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி சிஃபாவின் மண்டைக்குள் ஈபோல சுற்றிக்கொண்டே இருந்தது. ஏனென்றால், உண்மையில் அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய ஸ்டூல் எப்போதும் தெருவைப் பார்த்தே கிடக்கும். பஸ், ஆட்டோ, ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் என்று வேடிக்கை பார்க்க அங்கே எவ்வளவோ இருந்தது. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவள் திரும்பியதில்லை.

அன்று சாயங்காலம் உம்மா ஜெய்னம்பு கோழிக்குழம்பு வைத்திருந்தார். சிஃபா ஒரு துண்டை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். எப்போதும்போல ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குக் குழப்பமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிஃபா ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதம் வந்தும் வெயில் தணியவில்லை. கூண்டின் மேல் காலையிலேயே வெயில் விழுந்தது. கோழிகள் எல்லாம் அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைத்தன. உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர்கூட இல்லை. ஒவ்வொரு முறை வாப்பா கத்தியை எடுக்கும்போதும், முன்னால் இருந்த கோழிகள் பின்னால் இருந்தவற்றின் முதுகில் ஏறின. பின்னால் போக இடமில்லை. கம்பி வலைதான் இருந்தது. ஆனாலும் ஏறின.

சிஃபாவுக்குப் பை பிரிக்க வரவில்லை. விரல் வழுக்கியது.

"வாப்பா, கோழிங்களுக்குத் தண்ணி வெக்கலையே?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லாம் காலியாய்டும்மா. தண்ணி எதுக்கு?"

"அந்த ஒரு மணி நேரமும் தாகமா இருக்குமே?"

"பையக் குடும்மா, ஆளுங்க நிக்கறாங்க."

சிஃபா பையைக் கொடுத்தாள். பிறகு எழுந்து போய், கூண்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். கழுத்தைச் சாய்த்து, தலையைக் கோழியின் தலை உயரத்துக்குக் கொண்டு வந்தாள்.

வரிசையில் நின்ற பரசுராமன் இதைப் பார்த்துவிட்டார். நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி சட்டையோடு வந்திருந்தவர் அவர். "பாய், உம் பொண்ணு கூண்டாண்ட குந்திக்கினு இன்னா பண்ணுது? முட்டை எதுனா வெக்கப் போவுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாஷாகூடச் சிரித்தார்.

சிஃபா காதில் வாங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரு தெரியவில்லை. வானம் தெரியவில்லை. வாப்பாவின் கை, கத்தி, பக்கத்தில் அறுத்த கோழியைப் போடும் நீல நிற டிரம். அவ்வளவுதான் தெரிந்தது.

மதியம் கூட்டம் வடிந்தது. பாஷா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குழாயடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிஃபா பக்கத்தில் போய் நின்றாள்.

"வாப்பா, பக்ரீத் அன்னிக்கு ஆட்டுக்குத் தண்ணி காட்டுனீங்க இல்ல?"

"ஆமா. அறுக்கறதுக்கு முன்னாடி காட்டணும்."

"கத்திய முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கினுதானே போனீங்க?"

"ஆமாம்மா. அது கண்ணுல கத்திய காட்டக் கூடாது. ஒண்ணோட கண்ணு எதிர இன்னொண்ண அறுக்கவும் கூடாது."

"அப்ப கோழிக்கு?"

பாஷாவின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது.

"ஆடு ஒண்ணுதாம்மா" என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழமை கோழி நூறுக்கு மேல போவுது. அவ்ளோத்துக்கும் எங்க பாத்துக்கினு இருக்க முடியும்?"

"நூறா இருந்தாலும் ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தானே வாப்பா பயப்படுது?"

பாஷா குழாயை மூடினார். மகளைப் பார்த்தார். அப்புறம் காலியாகிக் கிடந்த கூண்டைப் பார்த்தார். அதன் அடியில் சில வெள்ளை இறகுகள் மட்டும் கிடந்தன.

"நீ சொல்றது சரிதான். தெரிஞ்சதத்தான் மறந்துட்டு நிக்கறேன்" என்றார். "ஆனா இதுல ஒரு பேஜாரு கீது. கஸ்டமருங்க கண்ணு முன்னாடிதான் வெட்டணும். உள்ள வெச்சு வெட்டுனா, 'பாய் செத்த கோழியப் போட்டுட்டாரு'ன்னு பஜார் முழுக்கக் கிளப்பி உட்டுருவாங்க."

சிஃபா யோசித்தாள். போய் மேசைக்கு முன்னால், வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தாள். பிறகு கூண்டுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். மறுபடி மேசைக்கு வந்தாள்.

"வாப்பா, கூண்டு இந்தாண்ட இருக்கு. வெட்ற கட்டை அந்தாண்ட இருக்கு. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு மறைப்பு கட்டுனா போதும். இங்க நிக்கறவங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியும். கோழிக்கு மட்டும்தான் தெரியாது."

பாஷாவும் மேசைக்கு முன்னால் வந்து நின்று பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் நின்று தன் கடையைப் பார்த்ததே இல்லை. "அட, ஆமா!" என்றார்.

எதைக் கட்டுவது என்பதுதான் அடுத்த கவலை. துணி கட்டினால் நனைந்து நாறும். சாக்கு கட்டினால் ஈ மொய்க்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற மாதிரி ஏதாவது வேண்டும். வீட்டுப் பரணில் தேடியபோது, சுருட்டி வைத்த ஒரு ஃபிளெக்ஸ் பேனர் சிஃபாவின் கையில் அகப்பட்டது. ஏப்ரலில் நடந்த ஃபயாஸ் மாமா கல்யாணத்துக்கு அடித்த பேனர் அது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்தபடி மாமா ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, எந் தம்பி படம்டி அது!" என்றார் உம்மா.

"படத்த கூண்டுப் பக்கம் திருப்பிக் கட்டிடலாம் உம்மா. யாருக்கும் தெரியாது. மாமா பழவேற்காட்டுல இருந்து வந்து பாக்கவா போறாரு?"

உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க, பழைய எண்ணெய் கேனை நீளவாக்கில் அறுத்துத் தொட்டிபோல் செய்து கொடுத்ததும் அவர்தான்.

புதன்கிழமை பள்ளியில் சிஃபா மோனிகாவிடம், "ஞாயித்துக்கிழமை கடைக்கு வா. வெட்றத நீ பாக்க வேணாம். கூண்டுப் பக்கம் மட்டும் வா" என்றாள். மோனிகா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பேனர் ஏறியது. அதன் நிழலும் கூண்டின்மேல் விழுந்தது. யாரும் எதிர்பாராத விதமாக, சரியாக அன்றைக்கென்று பார்த்து ஃபயாஸ் மாமாவும் வந்து இறங்கினார். பைக்கின் பின்னால் மாமி நஜ்மா.

மாமா கூண்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். வாய் திறந்தது, மூடவில்லை.

"மச்சான்! எம் மூஞ்சிய கோழிங்களுக்கா காட்டிக்கினு கீறீங்க?"

பாஷா தராசுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். சிஃபாவுக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. நஜ்மா மாமிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோவப்படாதீங்க. இவ்ளோ பெருசா உங்களப் பாத்தும் ஒரு கோழிகூட பயப்படல பாருங்க!"

மாமா முறைத்தார். பிறகு கூண்டை நிஜமாகவே பார்த்தார். கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், நிழலில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு தொட்டியில் அலகை முக்கிக்கொண்டிருந்தன. "ம்ம்... சரி. கண்ணாடி மட்டும் அழுக்காவாம தொடச்சு வைங்க" என்றார்.

வாப்பா அன்று இன்னொன்றும் செய்தார். யாரும் சொல்லவில்லை. கோழியைக் காலைப் பிடித்து இழுக்காமல், இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து அணைத்து எடுத்தார். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. சிஃபா கவனித்தாள்.

கூட்டம் ஏறும் நேரத்தில் ஆரோக்கியமேரி வந்தார். அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மோனிகாவும் வந்தாள். மேசைப் பக்கம் திரும்பாமல், நேராகக் கூண்டுப் பக்கம் போய்ச் சிஃபாவின் அருகில் உட்கார்ந்தாள்.

கூலிங் கிளாஸ் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்கு 'களுக்' என்று சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவள் சிரிக்கிறாள்.

இருவரும் கோழிகளைப் பார்த்தார்கள்.

"நான் கறி சாப்பிடறத உட்டுட்டேன்டி" என்றாள் மோனிகா. "எங்கம்மா திட்டல. எம் பங்கையும் எந் தம்பி ஜெரால்டு தின்னுட்றான். உனக்குக் கோவமா?"

"கோவம் இல்ல. ஆனா நான் சாப்பிடறேன். உனக்குக் கோவமா?"

மோனிகா நன்றாக யோசித்தாள். "தெரியல. இல்லன்னுதான் நெனைக்கறேன்" என்றாள். பிறகு, "தொட்டியில தண்ணி கொறஞ்சு போச்சே, மக் எங்க?" என்று கேட்டாள்.

சிஃபா மக்கை எடுத்துக் கொடுத்தாள். மோனிகா கம்பி வழியாக மெல்ல ஊற்றினாள். சிவந்த கொண்டை வைத்த ஒரு கோழி முன்னால் வந்து அலகை முக்கியது. தலையை மேலே தூக்கி, கண்ணை மூடி, ஒரு வாய் விழுங்கியது. மறுபடி குனிந்தது.

"பாய், தோ, முன்னால நிக்குதே, அதயே போடு. சீக்கிரம் பாய், நின்னுக்கினே தூங்கிடுவேன் போல கீது" என்றார் பரசுராமன்.

பாஷா இரண்டு கைகளையும் கூண்டுக்குள் கொண்டு போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் இரு நைனா" என்றார். "அது தண்ணி குடிச்சு முடிக்கட்டும்."