மின்வெட்டா, தண்டவாளமா?

புதுச்செவி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாண மண்டபக் கூட்டம். பிடித்த பாட்டை மறந்துவிட்டு, மறுபடி முதல் தடவையாகக் கேட்க ஊரே திரண்டு வந்திருந்தது. முன் நாற்காலியில் ஒருவர் தன் கல்யாணத்தில் கேட்ட நாதஸ்வரத்தை நினைவிலிருந்து துடைத்துக்கொள்ள வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, "நாதஸ்வரம் மட்டும்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கவலை அவருக்கு.

ஜெசிந்தாவும் அமுதனும் வந்தது இன்பத்துக்கு அல்ல, ஒரு வழக்கைத் தீர்க்க.

பெரம்பூர் பெற்றெடுத்த ராக் கிதார் மேதை டெரிக் மாசிலாமணி, ஒன்பது ஆல்பங்கள் போட்டுவிட்டுக் கண்ணை மூடினான். மாசியை அவன் இவன் என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள், அவ்வளவு உரிமை. அந்த ஒன்பதில் சிறந்தது எது? 'மின்வெட்டு' என்பாள் ஜெசிந்தா. 'தண்டவாளம்' என்பான் அமுதன். கல்லூரி கேன்டீனில் இந்தச் சண்டையில்தான் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். சண்டை முடியவில்லை என்பதால் கல்யாணமும் செய்துகொண்டார்கள். முப்பது வருடம் ஓடிவிட்டது, தீர்ப்புதான் வந்தபாடில்லை.

போன வாரம் மாசி ரசிகர் மன்றத்தின் ஆண்டுவிழாவில் வழக்கம்போல் பட்டிமன்றம். ஜெசிந்தா மைக்கைப் பிடித்து உருகி உருகிப் பேசினாள்.

"நாலாவது பாட்டுல கிதார் மேல ஏறிக்கிட்டே போகுது. உச்சிக்கு ஒரு படிதான் பாக்கி. அங்க நிறுத்திடறான். அந்தக் கடைசிப் படியை நம்மளையே ஏறச் சொல்றான். வாசிக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருக்கான். விடத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்!"

கைதட்டல் எழுந்த அந்த நேரம் பார்த்து எதிரணியில் உட்கார்ந்திருந்த அமுதன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். சபையே சிரித்தது. பிறகு எழுந்து, "பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், அதான் நிறுத்திட்டான்," என்றான். இன்னும் பெரிய சிரிப்பு.

வீடு வந்ததும் ஜெசிந்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இத்தனை வருஷத்துல நான் சொன்ன ஒரு வார்த்தையாவது உன் காதுல ஏறியிருக்கா?"

"இதுக்கெல்லாம் போய்..."

"புதுச்செவிக்குப் போவோம். ரெண்டு பேரும் ரெண்டையும் துடைச்சுட்டுப் புதுசா கேப்போம். அப்பவும் உனக்கு அது பேட்டரி தீர்ந்த கதைதான்னா, இனிமே மாசியைப் பத்தி உன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றும்போதுதான் யோசித்தாள். அந்தப் பேச்சும் போய்விட்டால் வீட்டில் மிச்சமிருப்பது பால் பாக்கெட்டும் தண்ணீர் லாரியும்தான். முப்பது வருடமாகச் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அந்தச் சுவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அமுதனும் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

துடைப்பாளர் நஸ்ரின் கண்டிப்பான பெண். துடைப்புக் கவசத்தை ஜெசிந்தாவின் தலையில் பொருத்தியபடியே சொன்னாள். "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா. நீங்க காதால கேட்டதும், அதைப் பத்தி நீங்களே பேசினதும் மூளையில ஒரே வேர். பிடுங்கினா ரெண்டும் சேர்ந்துதான் வரும்."

"மத்தவங்க அதைப் பத்திப் பேசினது?"

"அது அந்த ஆளைப் பத்தின உங்க நினைப்புல இருக்கும். அங்க இந்தக் கவசம் போகாது."

அமுதனைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். கவசம் மெல்ல முனகியது. லேசாகக் காது அடைத்துத் திறந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். மின்வெட்டு, தண்டவாளம் என்ற பெயர்கள் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தன. அமுதனோடு பந்தயம் கட்டி வந்திருப்பதும் தெரிந்தது. ஆனால் இரண்டிலிருந்தும் ஒரு சுரம்கூட நினைவில் இல்லை.

முதலில் 'மின்வெட்டு' ஓடியது. நன்றாகத்தான் இருந்தது. நாலாவது பாட்டில் கிதார் மேலே மேலே ஏறி, சட்டென்று நின்றது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிருக்கும்!

அடுத்து 'தண்டவாளம்'. ரயில் வேகத்தில் போன கிதார் ஓரிடத்தில் வழுக்கியது. அப்பட்டமான தவறு. அவள் முகம் சுளிப்பதற்குள் மாசி அதே தவறை மறுபடி வாசித்தான். பிறகு அந்தப் பாட்டு முழுவதையும் அதன் மேலேயே கட்டி எழுப்பினான். ரெண்டு தரம் வாசிச்சா அது தப்பில்லை என்று அமுதன் சாப்பாட்டு மேசையில் கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னதெல்லாம் அவள் காதில் அணிவகுத்து வந்தது. இந்தா, அவன் சொன்ன வழுக்கல். இந்தா, அவன் சொன்ன வளைவு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பாட்டு முடிந்ததும்தான் பயம் வந்தது. அவளுக்கே அது பேட்டரி தீர்ந்த கதைதான் என்றால் அவனுக்குக் கேட்கவா வேண்டும்? அவனே ஜெயித்துவிட்டான். இனி வாயைத் திறக்கக் கூடாது, அதுவும் அவளே போட்ட நிபந்தனை.

வெளியே வந்தபோது அமுதன் கூடத்து மூலையில் நின்றிருந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"ஜெசி, நாலாவது பாட்டு," என்று ஆரம்பித்தான். "உச்சிக்கு ஒரு படிதான் பாக்கி. நிறுத்திடறான். அந்தக் கடைசிப் படியை நம்மளையே ஏறச் சொல்றான்!"

ஜெசிந்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன உளர்ற?"

"வாசிக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருக்கான். விடத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

"கேக்க நல்லாதான் இருக்கு. யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

அமுதன் விழித்தான். "நீதான்."

"நானா?"

"கொத்தமல்லி ஆய்ஞ்சுக்கிட்டே சொன்ன. மதுரை ரயில்ல மேல் பெர்த்துலேர்ந்து தலையை நீட்டிச் சொன்ன. ஜுரத்துல படுத்திருந்தப்பக்கூடச் சொன்ன. போன வாரம் மன்றத்துல மைக்கைப் பிடிச்சுச் சொன்ன."

பேசியது அவளுக்கு நினைவில்லை. ஆனால் அவன் வாயைப் பிளந்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. "அப்போ கொட்டாவி விட்டியே?"

"கொட்டாவி விட்டா காது மூடிக்குமா?"

ஜெசிந்தா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முப்பது வருடம் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட இப்போது அவளிடம் இல்லை. எல்லாம் அவனிடம் இருந்தது, கொத்தமல்லி வாசனை உட்பட. கோபித்துக்கொள்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"நான் சொன்னதாவே இருக்கட்டும்," என்றாள் எழுந்துகொண்டே. "அது தப்பு. பேட்டரி தீர்ந்திருக்கும். தண்டவாளத்துக்கு முன்னாடி அது எம்மாத்திரம்?"

"தண்டவாளமா? விரல் வழுக்கி விழறானே, அதுவா?" அமுதனுக்குக் குரல் ஏறிவிட்டது. நாதஸ்வரத்தைத் துடைக்க வந்தவரின் மனைவி திரும்பிப் பார்த்தார்.

"ஒரு தப்பை ஒரு தரம் வாசிச்சா தப்பு. ரெண்டு தரம் வாசிச்சா அது அவன் எடுத்த முடிவு. தெரியுமா உனக்கு?"

அமுதன் தலையில் அடித்துக்கொண்டான். "எந்தப் பைத்தியக்காரன் சொன்னான் இதை?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். நட."