குல்பான் ஊற்றிய வெள்ளை

என் தம்பி ஒரின்பசாரின் வீட்டுக்கு நான் போனபோது நல்ல உச்சிவெயில். கையில் ஒரு தூக்குவாளி கெட்டி மோர். அவனுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூடக் கழியவில்லை. சிர்தாரியா ஆற்றங்கரையின் பழைய மண்வீடு, கோடையில்கூட உள்ளே குளிர்ந்து கிடக்கும். அதை நம்பி வேர்க்க விறுவிறுக்க நடந்து போனேன்.

வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. மீன் கழுவிய தண்ணீரில் துணியை ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. அது தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது.

"என்ன குல்பான், எலி செத்துக் கிடக்கா? பிள்ளை பெத்தவ வீட்டைக் கூட்டக் கூடாதுன்னு எவளாவது சொன்னாளா?"

தம்பி மனைவி சிரிக்கவில்லை. "மெதுவா பேசுங்க அண்ணி. உள்ளதான் இருக்கு."

"எது?"

"நீளமானது."

வீட்டுக்குள் அதன் பெயரை நாங்கள் சொல்வதில்லை. எனக்கோ பெயர் சொல்லாமலே குமட்டியது. பாம்பிடம் எனக்குப் பயம் கிடையாது, அருவருப்புதான். அதன் வழவழப்பை நினைத்தாலே வாயில் எச்சில் ஊறிவிடும்.

"வெள்ளை ஊத்துனியா?"

"ஊத்துனேன். போகல."

அப்படி நான் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டுக்குள் வந்ததை அடிக்க மாட்டோம். தலையில் வெள்ளையாக ஏதாவது, பாலோ மோரோ ஊற்றினால் போதும், மரியாதை கிடைத்துவிட்டது என்று அதுவே போய்விடும். என் மாமியார் வீட்டில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

தொட்டிலின் துணியை விலக்கினேன். பிள்ளை பெக்ஜான் விழித்திருந்தான், அழவில்லை. பிறந்தபோது புசுபுசுவென்று இருந்தவன். இப்போது கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது.

"பால் குடுக்குறியா இல்லையா?"

"மார்ல பால் நிக்கவே மாட்டேங்குது அண்ணி. மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்து எந்திரிச்சா வத்திப்போயிருக்கு. இவன் வெறும் மாரைச் சப்பிட்டு அழறான். இப்ப அழக்கூடத் தெம்பில்ல."

அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. வாசலில் அடித்த அதே வாடை அந்த ஈரத்திலிருந்தும் வந்தது. நான் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன்.

வாய்க்கால் வெட்டப் போயிருந்த ஒரின்பசார் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தான். "நீ பார்த்துட்டு நில்லு அக்கா, உனக்குத்தான் ஆகாதே," என்றான்.

"என் மருமகன் எலும்பும் தோலுமா கிடக்கான், நான் பார்த்துட்டு நிக்கவா? பிடிடா அந்தப் பக்கம்."

சுவரோரம் உத்தரம்வரை அடுக்கியிருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். அவள் சீதனமாகக் கொண்டுவந்த பட்டு மெத்தைகள். இறக்க இறக்க நாற்றம் ஏறியது. அடியிலிருந்த மெத்தையின் மடிப்புக்குள் கையை விட்டேன்.

ஈரம்.

வெளியே இழுத்தபோது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வந்தது, பாம்பு உரித்த சட்டை. காய்ந்த சட்டை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இது பிசுபிசுவென்று, உடம்புச் சூட்டோடு இருந்தது. உதறினால் விழவில்லை. சுவரில் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுத்தேன். பிறகு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது குல்பான் தொட்டிலுக்கு அடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் தொட்டிலில் பிள்ளையைக் கட்டிப் படுக்க வைப்போம். மூத்திரம் போக ஒரு மரக்குழல் உண்டு, அதற்குக் கீழே ஒரு மண்சட்டி இருக்கும். அந்தச் சட்டிக்குள் ஏதோ களக் என்றது.

குனிந்து பார்த்தேன்.

பிள்ளையின் மூத்திரத்தில் ஊறிக்கொண்டு அது சுருண்டு கிடந்தது. வெளிறிய உடம்பு. தலையை மட்டும் தூக்கி, குழல் வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

ரொட்டிப் பலகையை எடுத்துச் சட்டியை மூடினேன். பலகைக்கு அடியில் அது மெல்ல அசைந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஒரின்பசார் சட்டியைத் தூக்கிப்போய் வாய்க்கால் மேட்டில் கவிழ்த்தான். வாளி மோரையும் அதன் தலையில் கொட்டினேன். "போ சாமி. மரியாதை பண்ணியாச்சு, போ."

அது போகவில்லை. வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பியது. பிறகு உடம்பு முழுவதும் நெளிந்து, வாயைப் பிளந்து கக்கியது.

வெள்ளையாக, கட்டி கட்டியாகத் திரிந்த பால். பச்சைப்பிள்ளை கக்கினால் வருமே, அதே மணம்.

"குல்பான், அன்னிக்கு என்னத்தடி ஊத்துன?"

அவள் நிலைப்படியிலேயே நின்றாள். "வீட்ல பாலும் இல்ல, மோரும் இல்ல அண்ணி. மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்துச்சு. அது தொட்டில்கிட்ட போயிருச்சு. நான் என்ன செய்வேன்? என் பாலைத்தான் கிண்ணத்துல பீய்ச்சி ஊத்துனேன்."

"குடிச்சுதா?"

"கிண்ணத்தையே நக்கிருச்சு."

ஒரே மார்பில் குடித்தவர்கள் எங்களில் உடன்பிறப்புகள். ரத்தம் வேறானாலும் பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை அத்தனையும் உண்டு. இவள் விருந்தாளியை வழியனுப்பவில்லை. பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

ஒரின்பசார் மண்வெட்டியை ஓங்கினான்.

"வேண்டாம்டா. தலையில வெள்ளை இருக்கு."

"என் புள்ள செத்துக்கிட்டிருக்கான் அக்கா."

ஒரே வெட்டு. துண்டுகளைச் சாணி வரட்டியில் போட்டுக் கொளுத்தினோம். கொழுப்பு உருகி அடித்த நெடியில் எனக்கு மறுபடியும் புரட்டியது. சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். பிசுபிசுப்பு போகவே இல்லை.

வீட்டுக்குள் போனோம். குல்பான் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் பெக்ஜான் சப்பிச் சப்பிக் குடிக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான்.

கிட்டே போனேன்.

அவள் இடது கையையும் வளைத்து வைத்திருந்தாள். மடியில் எதுவும் இல்லை. ஆனால் பாவாடைத் துணி நீளமாக அமுங்கியிருந்தது.

"சண்டை போடாதீங்க கண்ணுங்களா," என்று மெல்லச் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் இருக்கு."

பெக்ஜான் வாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

சப்பும் சத்தம் நிற்கவில்லை.