கயிற்றைச் சுருட்டி மாட்டிய திருடன்

"என் பேனரைக் காணோம் ஸ்யாமளா! வேலியில வெறுங் கம்பிதான் இருக்கு!"

முத்துச்செல்வி கேன்டீனுக்குள் ஓடிவந்த வேகத்தில் முத்துக்குமரனின் டீ பாதி மேசையில் கொட்டியது. அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு மாதமாகக் கல்லூரியில் ஒரு பென்சில்கூடத் தொலையவில்லை. ஸ்யாமளாவின் துப்பறியும் உதவியாளனாகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவனுக்கு அது பெரிய குறை. ஸ்யாமளா வடையை நிதானமாக மென்று முடித்துவிட்டு, "உக்காரு. பேனர்ல என்ன இருந்துச்சு?" என்றாள்.

மூவரும் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் கடைசி வருடம் படிப்பவர்கள். தேர்வுக்கான பேனர்களை நேற்று மாலைதான் கல்லூரி முன்வேலியில் கட்டினார்கள். பத்து மணிக்குப் பேராசிரியர் ஹாலாஸ்யம் வந்து மதிப்பெண் போடுவார். காட்ட வேலை இல்லையென்றால் முத்துச்செல்விக்கு இந்த வருடமே போச்சு.

"விசேஷம் முடிஞ்சா பேனரெல்லாம் குப்பைக்குத்தானே போகுது? என்னோடது மழைக்குப் போர்வை. அதைச் சொல்ல நாலே படம். மழை பெய்யுது, ஒரு கை முடிச்சை அவுக்குது, கயிறு சுருட்டி கம்பியில தொங்க, பேனர் கூடையை மூடியிருக்கு, வெயில் வந்ததும் பேனர் பழைய இடத்துல. எழுத்தே கிடையாது. 'ரெண்டு வரி எழுதும்மா, வெறும் படம் யாருக்குப் புரியும்'னு சார் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"நேத்து முடிச்சுப் போட்டது நான்ல? எவனும் லேசுல அவுக்க முடியாது," என்றான் முத்துக்குமரன் பெருமையாக.

விடிகாலையில் பிடித்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. மூவரும் போய்ப் பார்த்தபோது, வேலியில் மற்ற பேனர்கள் நனைந்து தொங்கின. காலி இடத்தில் கயிறு வளையமாகச் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. கீழே சேற்றில் இரண்டு மல்லிகை மொட்டுகள். பக்கத்தில் கணுக்கால்வரை சேற்றோடு தன் பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான் வகுப்புத் தோழன் சூரியபிரகாஷ். 'முத்துச்செல்வி பேனர் பக்கத்துல இருந்தா என்னோடது எடுபடாது, தூக்கி எறியப்போறேன்' என்று நேற்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னவன்.

"சிக்கிட்டான்!" என்று துள்ளினான் முத்துக்குமரன்.

ஸ்யாமளா கயிற்றைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "தூறல் நிக்கட்டும் குமரா. பேனர் தானா வரும்."

பத்து மணிக்குக் குடையோடு வந்தார் ஹாலாஸ்யம். "உன் வேலை எங்கம்மா?" முத்துச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துக்கிட்டே இருக்கு சார்," என்றாள் ஸ்யாமளா. "திருடுறவன் கயித்தை அறுப்பான். இங்க முடிச்சை அவுத்து, கயித்தைச் சுருட்டி மாட்டியிருக்கு. அம்புட்டு பொறுமை எந்தத் திருடனுக்கு இருக்கு?"

"சூர்யா கால்ல சேறு?" முத்துக்குமரன் விடவில்லை.

"மழையில வந்தவன் கால்ல சந்தனமா இருக்கும்? உன் காலைப் பாரு." சூரியபிரகாஷே சிரித்துவிட்டான். "சார், எடுத்தவங்க படத்துல இருக்குறபடி வரிசையாச் செஞ்சிருக்காங்க. கீழே மல்லி மொட்டு. பூக்கூடையோட வந்தவங்க மழையில மாட்டிக்கிட்டிருக்காங்க. மூணு படம்வரைக்கும் செஞ்சவங்க நாலாவதையும் செய்யாம இருப்பாங்களா? அதுக்கு வெயில் வரணும்."

சொல்லி வாய் மூடவில்லை, மேகம் விலகி வேலியில் வெயில் விழுந்தது. சற்று நேரத்தில், பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அன்னக்கொடி, மடித்த பேனரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேரே காலி இடத்துக்குப் போய், கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.

"யாரும்மா இதை உங்களை எடுக்கச் சொன்னது?" என்றார் ஹாலாஸ்யம்.

"இந்தா, படத்துல போட்டிருக்குல்ல சார்!" அன்னக்கொடிக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது. "நல்லாருப்பீங்க. ஒரு கூடை பூவும் நனையல."

முத்துச்செல்வி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை, ஸ்யாமளாவைக் கட்டிக்கொண்டாள். ஹாலாஸ்யம் குடையை மடக்கினார். "அந்த ரெண்டு வரியை மறந்துடும்மா. நான் மதிப்பெண் போடறதுக்கு முன்னாடியே அவங்க போட்டுட்டாங்க."

"ஒரே ஒரு குறைதான் சார்," என்று விரலை நீட்டினாள் அன்னக்கொடி. "முடிச்சை இம்புட்டு இறுக்கமாவா போடுறது? நகமே பேந்துபோச்சு. எந்தப் புண்ணியவான் போட்டது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, முத்துக்குமரன் சூரியபிரகாஷின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.