நாலு கை

"இன்னொருத்தன் யாருடா?" என்று கேட்டான் அப்துல் சுக்கூர்.

மேசைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தான். முகம் தலையணையில் புதைந்திருந்ததால் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அவன் முதுகில் முருகையனின் இரண்டு கைகள் இருந்தன. மற்ற பையன்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்தக் கூடத்தில் இவர்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை.

"நான்தான்டா. வேற யாரு?"

"வெளையாடாத. ரெண்டு கை தோள்பட்டையாண்ட, ரெண்டு கை இடுப்பாண்ட. நாலு கை இருக்குது."

முருகையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு தரம் பின்னால் திரும்பியும் பார்த்துக்கொண்டான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருடத்து ஐப்பசி. திண்டிவனத்தில் டிரில் மாஸ்டர் வேலைக்குப் படிப்பவர்களுக்கு அந்த வருடம்தான் ஒரு புதுப் பாடம் வந்திருந்தது. விளையாட்டில் சுளுக்கிக்கொண்டவர்களுக்கும் தசை பிடித்துக்கொண்டவர்களுக்கும் சூடு காட்டுவது, பிடித்துவிடுவது, கரண்ட் வைத்துத் தசையை அசைப்பது. புத்தகத்தைப் படித்து மனப்பாடம் செய்கிற பாடம் இல்லை இது, கை பழக வேண்டும் என்று ஆசிரியர் வேங்கடேசன் பையன்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். யார் உடம்பில் பழகுகிறாயோ அவன் உடம்பில்தான் பரீட்சையும். வல்லத்துப் பக்கம் ஒரு கேப்பைக் காட்டு வீட்டிலிருந்து வந்த முருகையனுக்குக் கோட்டக்குப்பத்துச் சுக்கூர் ஜோடியாக வாய்த்தான். அரை மைல் ஓட்டத்தில் சுக்கூரை முந்த ஆள் கிடையாது. தை பிறந்ததும் விழுப்புரத்தில் நடக்கும் பந்தயத்தில் ஜெயித்தால் ரயில்வேயில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

பயிற்சிக் கூடம் முன்பு மல்லாட்டை மண்டியாக, வேர்க்கடலை மூட்டைகள் அடுக்குகிற இடமாக இருந்த கட்டடம். எத்தனை தரம் கழுவிவிட்டாலும் தரையிலிருந்து எண்ணெய்ச் சிக்கும் சாக்கு நாற்றமும் மெல்லக் கிளம்பிக்கொண்டே இருக்கும். அதன்மேல் நீலகிரித் தைலத்தின் நெடி, சிவப்பு விளக்கின் சூட்டில் காய்கிற மனிதத் தோலின் வாசனை, தகரக் கூரைமேல் மழை வந்து வந்து போகிற சத்தம், அந்தச் சத்தம் நின்ற பிறகும் எங்கேயோ ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்த அந்த நாட்களில், மேசைகளின் நிழல்கள் சுவரில் படுத்துக் கிடக்கும் ஆட்களைப் போலவே தெரிந்தன.

சில நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒரு பிற்பகல், சிவப்பு விளக்கை முதுகுக்கு நேராக வைத்துச் சூடு ஏறும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை ஊன்றிக் கீழிருந்து மேலாக உருவிக்கொண்டு போனபோது, இடது தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் முருகையனின் விரல் நின்றுவிட்டது. அங்கே ஏதோ கட்டியாக இருந்தது. தசை இறுகினால் அப்படித்தான் இருக்கும், அழுத்தினால் இளகிவிடும் என்று பாடம். அழுத்தினான்.

அது திருப்பி அழுத்தியது.

ஒரு விரல் நுனியளவு. அவன் விட்டால் அதுவும் விட்டது. அவன் இரண்டு விரலால் அழுத்தினால் அதுவும் இரண்டாயிற்று. உள்ளங்கையை அகல விரித்து வைத்தான். தோலுக்கு அடியில், ஒரு கனத்த போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பதைப்போல, இன்னொரு உள்ளங்கை விரிந்து அவன் கையோடு பொருந்திக்கொண்டது. ஐந்து விரலும் விரலுக்கு விரல்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஏன்டா எடுத்துட்டே?" என்றான் சுக்கூர். அவன் குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது. "சூடா இருந்திச்சி. இப்போ ஜில்லுனு ஆயிடிச்சி."

மறுநாள் முருகையன் வேங்கடேசனிடம் போய்ச் சொன்னான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சார், அவன் முதுவுல ஏதோ இருக்குது சார், நீங்க ஒரு வாட்டி கை வெச்சிப் பாருங்க" என்றான்.

வேங்கடேசன் சலித்துக்கொண்டே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுக்கூரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அவர் முகத்தை முருகையன் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முகத்தில் சலிப்பு அப்படியே இருந்தது; ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எங்கேயோ விலகிப் போய்விட்டதுபோல் இருந்தது. அவர் கையை எடுத்தார். துண்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நல்ல உடம்பு. ஒண்ணும் இல்ல. தொடர்ந்து செய்யி."

"சார், வேற ஜோடி மாத்திக் குடுங்க சார்."

"மாத்த முடியாது." அவன் கண்ணைப் பார்க்காமலே சொன்னார். "இஷ்டம் இல்லன்னா ஊருக்குப் போய்ச் சேரு. உன் எடத்துக்கு ஆளு காத்துக்கினு இருக்கான்."

அன்றிலிருந்து அவர் அந்த மேசைப் பக்கம் வரவே இல்லை. கூடத்தின் அந்தக் கோடியில் நின்றபடியே பாடம் நடத்தினார்.

கார்த்திகையில் கரண்ட் பெட்டியை வெளியே எடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த துணிப் பட்டைகளை முதுகில் வைத்துக் கட்டி, பெட்டியின் குமிழைத் திருகினால், உள்ளே வண்டு முனகுவதுபோல் ஒரு சத்தம் எழும். 'டக்', 'டக்' என்று ஒவ்வொரு அடிக்கும் தசை தானாகத் துள்ளி அடங்கும். மற்ற மேசைகளில் பையன்கள் ஒருவர் துள்ளுவதைப் பார்த்து ஒருவர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சுக்கூரின் முதுகிலும் தசை துள்ளியது. துள்ளி எழுந்தபோது நான்கு வரிகள் தெரிந்தன. பக்கத்தில் குட்டையாக ஒன்று.

முருகையன் குமிழை அணைத்தான். முனகல் நின்றது.

வரிகள் அடங்கவில்லை. மெதுவாக மடங்கின. மெதுவாக நிமிர்ந்தன. கண் தெரியாதவர்கள் சுவரைத் தடவுவதுபோல் இடமும் வலமும் தடவின.

"நிறுத்திட்டியா?" என்று கேட்டான் சுக்கூர்.

"நிறுத்திட்டேன்."

"நிறுத்தலடா நீ."

"நிறுத்திட்டேன் சுக்கூரு."

சுக்கூர் தலையணையை இறுகப் பற்றிக்கொண்டான். அவன் காதுமடல் வெளுத்துப்போயிருந்தது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "கைய வைடா" என்றான். "உன் கை மேல இருந்தா அது சும்மா கெடக்குது. நீ எடுத்தின்னா ஏறுது. நேத்து கழுத்து வரைக்கும் வந்திச்சிடா. மூச்சு விட முடியல."

முருகையன் கையை வைத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே இருந்த கை வந்து, பழகிய நாய்போல, அவன் கைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அதன்பிறகு அவனால் சுக்கூரை விட்டு விலக முடியவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டான். விடுதியில் பாயை ஒட்டிப் போட்டுக்கொண்டு, சட்டைக்குள் கைவிட்டபடி தூங்கினான். பையன்கள் கேலி பேசினார்கள். பேசட்டும். சுக்கூர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தான். அவன் தாய் ஹலீமா பீவி ஓதிய தண்ணீர் கொடுத்தாள். பாண்டிச்சேரி டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாயுப் பிடிப்பு என்று ஊசி போட்டார். திரும்பி வந்தவனின் கழுத்தைச் சுற்றி, வெளியே காயம் எதுவும் இல்லாமல், நீலமாகக் கன்றிய ஒரு தடம் இருந்தது.

"வூட்லயே இருந்திருக்கலாம் இல்லடா?" என்று கேட்டான் முருகையன்.

"அங்க உன் கை இல்லியே" என்றான் சுக்கூர். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

தை பிறந்தது. விழுப்புரத்தில் பந்தய மைதானத்தின் ஓரத்தில் பயிற்சி மாணவர்களுக்கென்று ஒரு கூடாரம் அடித்திருந்தார்கள். அடிபட்டு வருகிற ஆட்டக்காரர்களைப் பிடித்துவிட்டு அனுப்ப வேண்டும். ஜோடியின் உடம்பில் வைப்பதாகச் சொன்ன பரீட்சைக்குப் பதிலாக அதற்கே மதிப்பெண் போடப்போவதாக வேங்கடேசன் சொல்லியிருந்தார். நல்ல வெயில். கொடிகள் படபடத்தன. ரயில் எஞ்சின்களின் ஊதல் ஜங்ஷன் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. பந்தயக் கோடு வரைக்கும் முருகையன் சுக்கூரின் முதுகில் கைவைத்தபடியே நடந்து போனான். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர் அதட்டினார்.

"யோவ், ஓடாதவன்லாம் தள்ளி நில்லு."

கையை எடுத்தான்.

துப்பாக்கி வெடித்தது. சுக்கூர் எப்போதும் போலத்தான் கிளம்பினான். பாதித் தூரத்தில் அவன் தோள்கள் உயர்ந்தன. யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதுபோல் உயர்ந்தன. கால்கள் மண்ணைச் சரியாகத் தொடவில்லை. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். மற்ற ஓட்டக்காரர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு அவன் நாடாவை அறுத்தான். அறுத்த பிறகும் ஓடினான். கூடாரத்துக்குள் ஓடிவந்துதான் நின்றான்.

"ஓடினது நான் இல்லடா முருகையா" என்றான். உதடு நீலமாக இருந்தது. மேசையில் விழுந்தான். "கைய வை. ஜல்தி. கைய வைடா."

முருகையன் இரண்டு கைகளையும் வைத்தான்.

உள்ளே இருந்தவை வந்தன. கழுத்துப் பக்கமிருந்து இறங்கி வந்தன. விரலோடு விரல் கோத்தன. தோலும் சேர்ந்து இடுக்கில் மடிந்தது.

பிடித்துக்கொண்டன.

இழுத்துப் பார்த்தான். வரவில்லை. காலை மேசையில் உதைத்து இழுத்தான். சுக்கூரின் முதுகுத் தோல் கூடாரமாக எழும்பி வந்ததே தவிர பிடி விடவில்லை.

"சுக்கூரு. விடச் சொல்லுடா."

தலையணையில் மூச்சுச் சத்தம் இல்லை. கைகளுக்கு அடியில் மட்டும் சூடாக இருந்தது. சுற்றிலும் ஜில்லிட்டுக்கொண்டே வந்தது.

கூடாரத் துணி விலகியது. வேங்கடேசன் எட்டிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். முருகையனின் கைகளைப் பார்த்தார்.

"சார்" என்றான் முருகையன். "சார், எடுத்து விடுங்க சார். சார்."

அவர் துணியை மறுபடி இழுத்து மூடினார். போய்விட்டார்.

அப்போது முருகையனின் மணிக்கட்டில் தோல் எழும்பியது. நான்கு வரிகள். பக்கத்தில் குட்டையாக ஒன்று. வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இதமாக இருந்தது. முழங்கையைக் கடந்தது. தோளுக்கு ஏறியது. முதுகுக்குப் போய்ப் பரவியது. இடம் பார்த்து உட்கார்ந்தது.

பிடி விட்டது.

யார் யாரோ வந்தார்கள். ஓடிய மயக்கம் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். தூக்கியபோது சுக்கூரின் முதுகு, உள்ளே இருந்ததை உருவிவிட்ட தலையணை உறைபோல மடிந்து தொங்கியது. தூக்கியவர்கள் அதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டி புறப்பட்ட சத்தம் கேட்டது. முருகையன் நின்ற இடத்திலேயே நின்றான். போக நினைத்தான். கால் கேட்கவில்லை.

கயிறு இழுக்கும் கோஷ்டியிலிருந்து ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல கட்டுமஸ்தான ஆள்.

"தம்பி, தோளு பிடிச்சிக்கினுது. செத்த ஜல்தியா பாரு. அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடப்போறானுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். குரல்வளையில் உள்ளிருந்து ஒரு கட்டைவிரல் பதிந்தது. வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை.

போலீஸ்காரர் பனியனைக் கழற்றினார். இன்னும் ஈரம் காயாத மேசையில் குப்புறப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

கைகள் எழுந்தன. அவன் எழுப்பவில்லை. எண்ணெயைத் தொட்டன. உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்த்துச் சூடு ஏற்றிக்கொண்டன. அந்த அகன்ற முதுகில் பதமாக இறங்கின.

"ஆ..." என்றார் போலீஸ்காரர். "அங்கதான். அப்படித்தான்."

கூடார வாசலில், சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள்.

முருகையனின் கண்ணிலிருந்து நீர் வழிந்து போலீஸ்காரர் முதுகில் சொட்டியது. அவன் கை அதையும் எண்ணெயோடு சேர்த்து, மெல்ல, மெல்ல, உள்ளே தேய்த்தது.