இளகல் நேரம்

சந்திர ஓட்டின் மேற்பரப்பைத் துடைக்கிறவர்களுக்கு நாள் முழுக்கக் குனிந்த வேலை. இசக்கியம்மாள் தூசியைத் தள்ளிக்கொண்டே நகர்ந்தாள். காலுக்கடியில் பளிங்கு, அதற்கும் கீழே பூமி. தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், புதன் ஓடு வேறொரு வேகத்தில் ஊர்ந்தது.

வெயில் பொசுக்கத் தொடங்கிய காலத்தில் பூமியைச் சுற்றி, சந்திரன் முதல் சனி வரை பெயரிட்டு, ஏழு பளிங்கு ஓடுகளைக் கட்டினார்கள். வானம் கோளத்துக்குள் கோளமாக இருக்கிறதென்று முற்கால வானியலார் வரைந்த படம்தான் மாதிரி. மேலே போகப்போகச் சுழற்சி மெதுவாகும். ஓர் ஓட்டின் பேச்சு மற்றதற்குக் கேட்காது; வானொலி அலைகூடப் பளிங்கைத் தாண்டாது.

புதன் ஓட்டில் அவள் கணவன் சுடலைக்கண்ணுவுக்கு வேலை. மாதம் ஒருமுறை அவன் துடைக்கும் பகுதி அவள் தலைக்கு மேல் வரும். அவன் குனிந்து கையுறைக் கையைப் பதிப்பான். அவள் கீழிருந்து தன் கையை ஒட்டிவைத்து, இடுப்புக் கயிறு இழுத்து நிறுத்தும்வரை கூடவே ஓடுவாள். கறுப்பு முகக்கண்ணாடிக்குள் முகம் தெரியாது. அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

இந்த மாதம் அதே நாளில் ஒரு வால்வெள்ளி வந்தது. கோளம் கெட்டியா நீர்மமா என்று அந்தக் காலத்தில் அடித்துக்கொண்டார்களாம். ஓடுகளைக் கட்டியவர்கள் இரண்டுமாகச் செய்து வைத்திருந்தார்கள். வால்வெள்ளி மோதி உடைக்காமல் ஊடுருவிக் கடக்கும்வரை எல்லா ஓடுகளையும் இளக்குவார்கள். இறுகும்போது யார் எங்கே நிற்கிறாரோ, ஒப்பந்தம் முடியும்வரை அங்கேயே வேலை.

"ஏட்டி, ஏறிட்டா திரும்ப எறங்க முடியாது பாத்துக்கோ," என்றாள் கூட்டாளி கோமு.

"அவுக பக்கத்துலதான கெடக்கப் போறேன்."

பளிங்கு கஞ்சிபோல நெகிழ்ந்தது. மேலே அந்தக் கை வந்தது. இசக்கி கயிற்றை அவிழ்த்து, கையைப் பற்றி ஏறினாள். இழுத்துவிட்டவன் தன் முகக்கண்ணாடியை உயர்த்தினான். நரைத்த மீசை. அவள் பார்த்தே இராத ஆள்.

"மன்னிச்சிருங்கம்மா. சுடலைக்கண்ணு அண்ணாச்சி ஒப்பந்தம் முடிஞ்சதும் சனி ஓட்டுக்குக் கேட்டு மாத்தல் வாங்கிட்டாவ. ஒங்களுக்குச் சொல்லி அனுப்பியாச்சுன்னாவ."

எப்போது என்று கேட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது என்றான். அந்த இடத்துக்கு வந்த முதல் மாதமே கீழிருந்து ஒரு கை நீண்டதாம். என்ன ஏதென்று தெரியாமல் தன் கையை வைத்தானாம்.

"அடுத்த மாசம் நீங்க ஓடியே வந்தீய. அதுக்கப்புறம் கைய எப்படிம்மா எடுக்க?"

அவள் ஏழாவது ஓடு இருந்த திசையைப் பார்த்தாள். வெறும் வெளிச்சம். காலடியில் பளிங்கு மெல்ல இறுகியது.

கீழே சந்திர ஓடு கோமுவை ஏற்றிக்கொண்டு விலகத் தொடங்கியிருந்தது. தோழி புருசனோடு சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் கோமு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

இசக்கியும் ஆட்டினாள், அவள் மறையும்வரை.