நாலாவது மாடியின் தட்டு

பகல் இரண்டு மணிக்கு ரஹ்மியின் மடிக்கணினித் திரையில் அந்த வரி வந்தது: 4#.

சூப்புக்கு விலைபோகும் கூடுகளுக்காக உழவாரன் பறவைகளை வளர்க்கும் அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு ஜன்னலே கிடையாது. பறவைகளை அழைக்கும் கீச்சொலி ஒலிபெருக்கியில் ஓயாமல் ஓட, எச்சத்தின் காரநெடி மூக்கை அரிக்க, கீழ்த்தளத்துக்குள், படிக்கட்டுப் பக்கத்து இரும்புக் கதவை ஒட்டி ஒற்றை விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தளத்துக் கதவிலும் ஒரு சென்சார். தட்டினால் மாடி எண்ணும், தட்டுக்கு ஒரு # குறியும் பூட்டுகளை இயக்கும் அவளுடைய சின்ன சர்க்யூட் போர்டுக்கு வரியாக வரும். பறவை மிரளாமலிருக்க மூன்று முறை தட்டிவிட்டு நுழைவது இந்தோனேசியாவின் கலிமந்தான் பக்கத்து வழக்கம். அவள் எழுதிய பேட்டர்னும் அதுதான்: ஓர் எண், சரியாக மூன்று #, வரி முடிவு. பொருந்தினால் பூட்டு திறக்கும். உள்ளிருந்து வெளியே வரவும் அப்படித்தான். பொருந்தாததை போர்டு சத்தமில்லாமல் தள்ளிவிடும். தள்ளுவதையும் காட்டும்படி இன்றுதான் மாற்றியிருந்தாள்.

4##. 4####. 4#####.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஹாஜி ஜம்ஹரி, யாரும் நுழையக் கூடாதென்று நான்காம் மாடியை மூடி ஐந்து மாதம் ஆகிறது. எத்தனை தட்டு என்று தெரியாத ஏதோ ஒன்று உள்ளேயிருந்து எண்ணிக்கையை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடியில் கூடு சுரண்டிக்கொண்டிருந்த தம்பி ஃபிக்ரியை போனில் கூப்பிட்டாள்.

"டேய், நாலாவது மாடிக் கதவ நீயா தட்டுற?"

"எனக்கென்ன பைத்தியமா? மூணாவதுக்குள்ள இருக்கேன்கா. நுழையறப்ப மூணு தட்டு தட்டினேன், அவ்ளோதான்."

"பலமாவா?"

"ஹாஜி வீட்டுக்கே கேட்டிருக்கும்!" என்று சிரித்தான்.

4###.

மேலே பூட்டு திறந்தது. படியில் எதுவோ இறங்கியது.

ரஹ்மி பேட்டர்னைத் திறந்தாள். மூன்றை ஐந்தாக்கிவிட்டால் ஃபிக்ரியின் கதவு அதற்குத் திறக்காது. மாற்றினாள். அனுப்பினாள். புதியதை ஏற்றிக்கொள்ள போர்டு ஒரு கணம் அணைந்தது. அப்போதுதான் உறைத்தது. மின்சாரம் போனால் ஆள் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று, போர்டு அணைந்தால் எல்லாப் பூட்டும் விட்டுவிடும்படி செய்திருந்ததும் அவள்தான்.

நாலு கதவும் திறந்தன. போர்டு எழுந்ததும் நாலும் பூட்டிக்கொண்டன.

"அக்கா, நீயா வந்த?" போனில் ஃபிக்ரி. "ஏன் டார்ச் இல்லாம..."

போன் துண்டிக்கப்பட்டது.

3###. தள்ளப்பட்டது.

3###. தள்ளப்பட்டது.

3###. தள்ளப்பட்டது.

அவனுக்குத் தெரிந்தது மூன்றுதான்.

"அஞ்சுடா! அஞ்சு தட்டு!" கதவில் வாய் வைத்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

தட்டு நின்றது. திரையில் ஒன்றுமில்லை. வெகுநேரம்.

3#####.

பூட்டு திறந்தது. நிதானமான காலடி. ஒருவருடையது. ஃபிக்ரி படியிறங்கினால் ஓடித்தான் வருவான்.

அவள் முகத்துக்கு எதிரே, இரும்பில், ஒரு தட்டு.

இரண்டு.

மூன்று.

நான்கு.